பத்துக்கு ஏறி ஒன்றுக்கு இறங்கும் மீன்கள்

அத்தியாயம் 14

மருமகளை நாம் போன வாரம் நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். வெளிநாட்டுக்கு மீன் அனுப்பும் யோசனைக்கு மாமனார் ஒருவழியாக, "சரி, அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்காததே பெரிய புண்ணியம் என்று மருமகளும் அவள் கணவனும் வாயை மூடிக்கொண்டார்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது அழகு மீன் வளர்க்கும் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை, உள்ளே மூன்று அடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள். வளர்ப்பது டிஸ்கஸ் என்கிற ஜாதி. தட்டு மாதிரி வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அழகுக்கு ஏற்ற அலட்டலும் உண்டு. தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்தால் கோபித்துக்கொள்ளும். கொஞ்சம் அழுக்கானால் சாப்பிடாது. யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால் மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளும். அப்பாவின் குணமும் ஏறக்குறைய இதுதான் என்று மகன் சொல்வான், அவர் காதில் விழாத தூரத்தில் நின்று.

மகனுக்கு ஒரு தங்கை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வைத்தவர் அப்பாதான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர் பின்னாலேயே கொட்டகைக்குள் திரிந்தவள். அந்த வாலு, இங்கிருந்து ஊர் ஊராக மீன் ஏற்றிப்போன வேன் டிரைவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அப்பா முடியாது என்றார். அவள் முடியும் என்றாள். "மீன் ஏத்த வந்தவன் பொண்ணையும் ஏத்திட்டுப் போயிட்டான்" என்று தெருவே சிரித்தது.

"மீன் பெட்டியையே தூக்கிப் போடறவன், என் பொண்ணை எப்படி வச்சுப்பான்?" என்று மாமனார் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்ல யாரையும் விடவில்லை. இனி வாலு என்கிற பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தொட்டி கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து யாரும் எடுக்கவில்லை, சத்தமாக.

வாலுவும் அந்த டிரைவரும் இப்போது வேறு நாட்டில் அழகு மீன் கடை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு விமானம் ஏறப்போகிற மீன்கள் அந்தக் கடைக்குத்தான். இது மருமகள் போட்ட திட்டம். மீன் உயிரோடு போய்ச் சேர்ந்து, கடையில் நன்றாக விற்று, இன்னும் இன்னும் கேட்டு வந்து, மாமனார் வாயால் "யாரும்மா அது, மீனைப் பத்தித் தெரிஞ்ச ஆளா இருக்கே" என்று சொல்லும் நாள் வர வேண்டும். அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். மீன் செத்துப்போனால் அந்த நாளும் சேர்ந்து செத்துப்போகும். அப்பா அனுப்பிய மீனைக் கொன்றவள் என்ற பெயர் வாலுவுக்கு மிஞ்சும்.

விடியற்காலையில் கொட்டகையில் விளக்கு எரிந்தது. மூன்று பேருமாக மீன் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மீன் கட்டுவதில் இந்த வீட்டில் இரண்டு முறை உண்டு. பக்கத்து ஊர்களுக்கு என்றால் கிட்டக்கட்டு: ஒரு பையில் மூன்று மீன், கொஞ்சம் தண்ணீர், மேலே ஆக்ஸிஜன். அரை நாள் தாங்கும். அதற்கு மேல் போகிற வழி என்றால் தூரக்கட்டு: ஒரு பைக்கு ஒரே மீன், நிறையத் தண்ணீர், கட்டுவதற்கு முந்தின இரண்டு நாளும் பட்டினி. வயிற்றில் ஒன்றும் இல்லாத மீன் தண்ணீரை அழுக்காக்காது. தூரக்கட்டு பத்திரமானது. ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

விமானத்தில் அனுப்புவது இதுதான் முதல் தடவை. மகன் போனில் விமான நேரத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தான்.

"இங்க பத்து மணிக்குக் கிளம்புது. அங்க ஒரு மணிக்கு இறங்குது. மூணே மணி நேரம்! நம்ம வேன்ல சந்தைக்குப் போறதே அதை விட லேட்டாகும். கிட்டக்கட்டே போதும்."

மாமனார் கையில் இருந்த வலையைத் தாழ்த்தினார். "எவ்வளவு தூரம் இருக்கும்?"

"நாலாயிரம் கிலோமீட்டர் சொச்சம்."

"நாலாயிரமா? மூணு மணி நேரத்துலயா?"

"அப்பா, அது பிளேன். நம்ம வேன் இல்ல. நடுவுல டீ குடிக்க நிறுத்த மாட்டான்."

மருமகள் சிரித்துவிட்டாள். மாமனார் சிரிக்கவில்லை. மகன் கையில் போன் இருக்கும்போது அவனோடு வாதம் செய்வதில்லை என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார். "முன்னப்பின்ன ஆகும்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

பிறகு அவர் கடைசி வரிசைக்குப் போனார். அங்கே ஓரத்துத் தொட்டியில் ஒரு சிவப்பு ஜோடி இருந்தது. கொட்டகையில் பாதி மீனுக்கு அவைதான் தாத்தா பாட்டி. கேட்டு வந்த எத்தனையோ பேருக்கு அவர் கொடுத்ததில்லை. அவற்றைத் தன் கையாலேயே பிடித்து, தனித்தனிப் பையில் விட்டு, தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, பைக்கு மேல் பை போட்டுக் கட்டினார்.

மகன் வாயைப் பிளந்தான். "அப்பா! அதை எதுக்கு? அவங்க கேக்கவே இல்லியே."

"முதல் தடவை அனுப்பறோம். நல்லதா ஒண்ணு இருக்கட்டும்."

"ஒரு பெட்டி முழுக்க ரெண்டே மீனா? மத்த மூணு பெட்டியில எப்படி அடுக்கியிருக்கேன் பாருங்க."

"உன் பெட்டி உன் இஷ்டம். இது என் இஷ்டம்" என்று மாமனார் நாலாவது பெட்டியின் மூடியை ஒட்டினார்.

மகன் நான்கு தெர்மாகோல் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனான். பத்தரை மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது. பெட்டிகள் உள்ளே போய்விட்டன, விமானமும் கிளம்பிவிட்டது, நான் எதையாவது சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றான்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். மாமனார் கொட்டகையின் கடைசியில் பில்டர் கழுவிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவள் வாலுவோடு பேசுவது மத்தியானம், மாமனார் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில். இங்கே இரண்டரை என்றால் அங்கே பன்னிரண்டு, கடையில் கூட்டம் குறைகிற நேரம். இத்தனை வருஷமாக இந்தக் கணக்கில் ஒரு நாள்கூட அவள் தவறியதில்லை. இன்றைக்கு மனசு கேட்கவில்லை. கொல்லைப்பக்கம், ஜன்னலுக்குக் கீழே வழக்கமான இடத்தில் நின்று போன் போட்டாள்.

"வாலு, ஏத்தியாச்சு. பிளேன் கிளம்பிடுச்சு."

"ஐயோ அண்ணி, எனக்கு இருப்புக்கொள்ளல. இவரு விடிஞ்சதுலேர்ந்து தொட்டி தொட்டியாக் கழுவிட்டு இருக்காரு. பொண்ணு பாக்க வர்ற மாதிரி கடையை அலங்காரம் பண்றாரு."

"பண்ணட்டும், பண்ணட்டும். இன்னும் ரெண்டரை மணி நேரத்துல வந்துடும்."

"ரெண்டரையா? ஒரு மணிக்குத்தானே அண்ணி இறங்குது? இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கே."

"அஞ்சா?"

"இங்க இப்ப எட்டுதானே ஆகுது."

மருமகள் விரல்விட்டு எண்ணினாள். பத்து மணி என்பது இங்கத்திய பத்து. ஒரு மணி என்பது அங்கத்திய ஒன்று. நடுவில் இரண்டரை மணி நேரம் ஒளிந்துகொண்டிருந்தது. விமானம் பறப்பது மூன்று மணி நேரம் இல்லை, ஐந்தரை. இறங்கிய பிறகு பெட்டியை வெளியே எடுக்க எவ்வளவு ஆகுமோ, யார் கண்டார்கள்? விடியற்காலையில் பைக்குள் போன மீன். அரை நாள் தாங்கும் கட்டில் மும்மூன்றாக நெருக்கி அடைத்த மீன்.

வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் இரண்டரையைக் கழித்துக் கழித்துப் பேசியவள் அவள்தானே! அந்தக் கணக்கு வாலுவோடு பேசுவதற்கான கணக்கு. அதை மாமனார் முன்னால் மறைத்து மறைத்தே பழகியதில், காலையில் அவர் பக்கத்தில் நின்றபோது அது நினைவுக்கே வரவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

உடனே கணவனைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் வாயிலிருந்ததை மென்று விழுங்கும் சத்தம்கூட நின்றுபோனது.

"இப்ப என்ன பண்ண?" என்றாள் அவள். "திருப்ப முடியாதா?"

"பிளேன் என்ன மினி பஸ்ஸா, விசிலடிச்சு நிறுத்த?"

"அப்ப மாமாகிட்ட சொல்லிடலாம்."

"பைத்தியமா உனக்கு? சொன்னா, வாங்கறது யாருன்னு கேப்பாரு. அப்புறம் மீனும் போச்சு, நாமும் போனோம். பேசாம இரு. பாதியாவது பிழைக்கும்."

"மூச்சு முட்டின மீனை எப்படி எழுப்பறதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. வாலு இங்க இருந்த வரைக்கும் நாம கட்டினது வேன் தூரம்தான், அவளுக்கும் தெரியாது. தெரிஞ்சவரு இந்த வீட்டுல ஒருத்தர்தான். போனை வைங்க."

சொல்லிவிட்டாளே தவிர, கொட்டகை வாசல் வரை போவதற்குள் இரண்டு தடவை நின்றாள். மாமனார் குனிந்து பில்டர் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

அவர் நிமிரவில்லை. "சொல்லும்மா."

சொன்னாள். இங்கத்திய மணி, அங்கத்திய மணி, நடுவில் போன நேரம் எல்லாம் சொன்னாள். தான்தான் கவனித்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். எப்படிக் கவனித்திருக்க முடியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. மாமனார் பஞ்சைத் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"நாலாயிரம்னு சொன்னப்பவே எனக்கு உறுத்துச்சு" என்றார். "வாங்கறவங்களுக்கு மீன் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"சும்மா வாங்கி விக்கிறவங்களா, கையில புடிச்சுப் பழகினவங்களா?"

"பழகினவங்கதான்."

"அப்ப போன் போடு. இறங்கறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது நிறைய இருக்கு."

"யா... யாருக்கு மாமா?"

"யாருக்கா? தினமும் மத்தியானம் யாருக்குப் போடறியோ, அவங்களுக்கு."

மருமகள் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "நீங்க தூங்கிட்டு இருப்பீங்கன்னு..."

"கண்ணை மூடினா தூக்கமா? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நான் படுத்திருக்கேன், இந்தப் பக்கம் நின்னு நீ பேசற. உனக்கு மெதுவாப் பேசவும் தெரியாது."

"ஒரு நாளும் ஒண்ணும் சொல்லலியே மாமா..."

"சொன்னா நீ வேற இடத்துக்குப் போய்ப் பேசுவ. எனக்குக் கேக்காது."

அதற்கு மேல் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையில் அந்தச் சிவப்பு ஜோடி எதற்காகப் பெட்டிக்குள் போனது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. யாரும் கேட்காததை அவர் கொடுத்ததும், யாருக்கு என்று அவர் கேட்காததும் ஒரே காரணத்தால்தான்.

ஆனாலும் மனுஷன் லேசில் இறங்கிவரவில்லை. மருமகள் போனை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே பேசு. நான் சொல்லச் சொல்ல அவங்ககிட்ட சொல்லு."

அவங்க! பெற்ற பெண்ணுக்கு என்ன மரியாதை பாருங்கள். மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் வாலு பேச்சு மூச்சில்லாமல் போனாள். அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்று சொன்னதும் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

"தொட்டித் தண்ணி இளஞ்சூடா இருக்கணும்னு சொல்லு" என்றார் மாமனார்.

"வாலு, தண்ணி இளஞ்சூடா இருக்கணுமாம்."

"கேட்டுச்சு அண்ணி. ஹீட்டர் போட்டிருக்கேன்."

"ஹீட்டர் போட்டாச்சாம் மாமா."

"எனக்கும் காது இருக்கு. புதுத் தண்ணி வேண்டாம், மீன் இருந்த பழைய தண்ணியாப் பாதி கலக்கச் சொல்லு. பெட்டி வந்ததும் பையை எப்படி இறக்குவாங்கன்னு கேளு."

வாலு சொன்னாள். பையை அவிழ்த்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டு, ஒரு மணி நேரம் பழக்கி, பிறகு மீனை விடுவாளாம். அப்படித்தான் அங்கே எல்லோரும் செய்கிறார்களாம்.

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "கிட்டத்துல போற மீனுக்கு அது சரி. இத்தனை நேரம் பையில அடைஞ்சு கிடந்ததுக்கு அது விஷம். பை மூடியிருக்கற வரைக்கும் உள்ள இருக்கற அழுக்கு தூங்கிட்டு இருக்கும். அவிழ்த்துக் காத்துப் பட்டதும் முழிச்சுக்கும். அதுலயே ஒரு மணி நேரம் வச்சா மீன் வெந்துபோன மாதிரி ஆயிடும். மூடின பையை அப்படியே தொட்டியில மிதக்க விடணும். சூடு ரெண்டும் ஒண்ணானதும் அவிழ்க்கணும். அவிழ்த்த உடனே மீனைக் கையால எடுத்துத் தொட்டியில விடணும். பைத் தண்ணி ஒரு சொட்டு தொட்டிக்குள்ள போகக் கூடாது. சொல்லு."

மருமகள் அதில் பாதியை மறந்துபோனாள். பரவாயில்லை, வாலு எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள், ஒன்று விடாமல். மாமனார் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "ம்" என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. மகன் வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று மனைவி காதோடு சொன்னபோது, "எவ்வளவு நாளா?" என்றான். "முதல்லேர்ந்தே." அவன் அப்பாவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். மத்தியானம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மாமனார் படுக்கவும் போகவில்லை.

விமானம் இறங்கியதாகத் தகவல் வந்தது. வாலுவின் கணவன் அங்கே விமான நிலையத்தில் காத்திருந்தான். நான்கில் மூன்று பெட்டியை முதலில் கொடுத்தார்களாம். அவற்றைக் கடை ஆளோடு வாடகை வண்டியில் அனுப்பிவிட்டு, நாலாவதற்காக அவன் தன் வேனோடு அங்கேயே நின்றான்.

ஐந்து மணி வாக்கில் வாலுவிடமிருந்து போன் வந்தது. மருமகள் எடுத்தாள்.

"அண்ணி, முதல் பெட்டியைத் திறந்துட்டேன். எல்லாம் சாஞ்சு படுத்திருக்கு அண்ணி. கறுத்துப்போச்சு. ஒண்ணுமே அசையல. செத்துப்போச்சா?"

"மாமா, சாஞ்சு படுத்திருக்காம்..."

"செவுள் அசையுதான்னு கேளு."

"வாலு, செவுள் அசையுதா?"

"தெரியல அண்ணி... மேல ட்யூப்லைட் வெளிச்சத்துல கண் கூசுது... ஒண்ணு துள்ளுது... ஐயோ, இன்னொண்ணு பையிலயே முட்டிக்குது... நான் அவிழ்க்கவா? அவிழ்த்துடவா?"

"மாமா, அவிழ்க்கவான்னு..."

மாமனார் மருமகள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"வாலு! முதல்ல லைட்டை அணை."

வாசற்படியில் இருந்த மகன் எழுந்து நின்றான். எடுக்கக் கூடாத பெயரை எடுக்கக் கூடாது என்றவரே எடுத்துவிட்டார்.

"அப்பா..." என்றது போன்.

"அழறதெல்லாம் அப்புறம். லைட்டை அணைச்சியா?"

"அணைச்சுட்டேன்."

"கதவைச் சாத்து, மெதுவா. யாரும் நடமாடக் கூடாது. இருட்டுல இருந்தா அதுவே அடங்கும். பையைத் தொட்டியில மிதக்க விட்டியா?"

"விட்டுட்டேன்ப்பா."

"சூடு பாரு."

"மணிக்கட்டை வச்சுப் பாத்தேன். பை இன்னும் கொஞ்சம் சில்லுனு இருக்கு."

வாலு சின்னப் பெண்ணாக இருந்தபோது, விரல் பொய் சொல்லும், மணிக்கட்டு சொல்லாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அங்கே கடையில் சூடு பார்க்கும் கருவி எத்தனையோ இருக்கும். அவள் மணிக்கட்டைத்தான் வைத்திருக்கிறாள்.

"பொறு" என்றார். "அவசரப்படாத. நான் லைன்லயே இருக்கேன்."

பிறகு நடந்ததை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பையாக அவிழ்த்தாள், ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்தாள். "தலையைப் பில்டர் தண்ணி விழற பக்கமாத் திருப்பிப் புடிச்சுக்க. வாய்க்குள்ள தண்ணி போகட்டும்" என்று அவர் சொல்ல, அவள் பிடித்துக்கொண்டாள். நடுவில், "அப்பா, இது நிமிர்ந்துடுச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்று மீன் நிமிரவே இல்லை. மற்றவை இருட்டுத் தொட்டியில் மூலையில் ஒண்டிக்கொண்டு, கோபத்தோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"கோபமா இருக்கா? அப்ப பிழைச்சுக்கும்" என்றார் மாமனார்.

மருமகள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த கல் இறங்கியது போல் இருந்தது. எல்லாம் சுபம் என்று நாமும் எழுந்து போயிருக்கலாம், வாலு அடுத்ததைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

"அப்பா, அந்த நாலாவது பெட்டி... அடியில ஈரம் கசியுதுன்னு தனியா எடுத்து வச்சுட்டாங்களாம். இப்பத்தான் கையில குடுத்திருக்காங்க. அதுல என்னப்பா இருக்கு?"

மாமனார் அந்தக் காலித் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "சிவப்பு ஜோடி" என்றார்.

சிவப்பு ஜோடி என்றால் என்ன என்று வாலுவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் வீட்டை விட்டுப் போனபோது கட்டை விரல் அளவு இருந்தவை.

"அது இவர்கிட்டதான் இருக்குப்பா. வந்துட்டு இருக்காரு. வழியிலயே என்ன பண்ணணும்னு நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா பயத்துல உளறிடுவேன். உங்களுக்குப் போன் போடச் சொல்லவா?"

மகனும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணோடு பேசிவிட்டார், சரி. அந்த வேன் டிரைவரோடு? அவர் மூஞ்சியைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாமனார் போனை மருமகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. காலையில் அவர் செய்தது போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

வாலு அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வைத்துவிட்டாள் போலிருக்கிறது; போன் மறுபடி ஒலித்தது. தெரியாத நம்பர். அது ஐந்தாறு தடவை அடிக்கும் வரை மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்தார்.

"மாமா... நான்தான்."

"தெரியுது. பெட்டியைத் திறந்தியா?"

"இல்ல மாமா. மூடியைத் தொடவே இல்ல."

"எவ்வளவு ஈரம்?"

"என் சட்டை, பேன்ட் எல்லாம் நனைஞ்சிருக்கு."

"உன் பேன்ட் எதுக்கு நனையுது? பெட்டி எங்க இருக்கு?"

"மடியில மாமா."

"மடியிலயா? அப்ப வண்டியை யாரு ஓட்டறா?"

"வேனை ஏர்போர்ட்லயே விட்டுட்டு டாக்ஸி புடிச்சிருக்கேன். நானே ஓட்டினா பெட்டியைக் கீழதானே வைக்கணும். குலுங்கும். அதான்."

மாமனார் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் வந்திருக்கிறது. அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"பைக்கு மேல பை போட்டுத்தான் கட்டினேன்" என்றார். "வெளிப்பை கிழிஞ்சிருக்கலாம். உள்பை நல்லா இருந்தா ரெண்டும் தாங்கும். பெட்டியைச் சாய்க்காத. இன்னும் எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான் மாமா."

"கிட்டன்னு சொல்லாத. அதை நம்பித்தான் காலையில ஏமாந்தோம். எவ்வளவு நேரம், அதைச் சொல்லு."

"அரை மணி நேரம் ஆகும். டிரைவரை மெதுவாப் போகச் சொல்லியிருக்கேன். திட்டறான்."

"திட்டட்டும். நீ கடை போய்ச் சேர்ற வரைக்கும் போனை வைக்காத."

"சரி மாமா."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தமும், நடு நடுவே பெட்டிக்குள் தண்ணீர் அலம்பும் சத்தமும் கேட்டன. மாமனார் போனைக் காதிலிருந்து எடுக்காமல், காலித் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.